முதல் நேயர் யார்?

"சார், இந்த ரேடியோவை யாராவது கேக்கறாங்களா?"

புதிதாக வந்திருந்த கல்லூரி முதல்வர் வாசலில் நின்றபடி இதைக் கேட்டபோது, அலைவரிசை சார் மைக்கின் மேல் படிந்திருந்த தூசியை ஊதிக்கொண்டிருந்தார். ஊதின மூச்சு அப்படியே உள்ளே திரும்பிவிட்டது.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் வேறு. மாணவர்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது. வரலாற்றுத் துறை ஆசிரியர். சில வருடங்களாகக் கல்லூரி வானொலி நிலையத்துக்கும் அவர்தான் பொறுப்பு. வகுப்பில் அவர் வாயைத் திறந்தால் பின் வரிசை கொட்டாவி விடும். முன் வரிசையும் விடும். ஆனால் மரியாதைக்காக வாயைப் பொத்திக்கொண்டு விடும். மைக் அப்படியில்லை. எவ்வளவு நேரம் பேசினாலும் வைத்த கண் வாங்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருக்கும்.

"என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க? நேயர்கள் ஆதரவுலதான் இந்த நிலையமே நடக்குது. இந்தத் திரை, இந்த நாற்காலி, சுவத்துல ஒட்டியிருக்கற முட்டை அட்டை, ஏன், அந்த டிரான்ஸ்மிட்டரே அக்கம்பக்கத்து ஜனங்க குடுத்ததுதான். காலேஜ் இங்கே ஒரு ஆணிகூட அடிச்சதில்லை."

"முட்டை அட்டை எதுக்கு?"

"எதிரொலி வராம இருக்கறதுக்கு மேடம்."

"நேயர்கள்கிட்டேயிருந்தும் ஒண்ணும் வர்றதில்லைன்னு கேள்விப்பட்டேன். எனக்கு விடைத்தாள் கட்டு வைக்க இடம் இல்லை சார். இந்த ரூம் நல்லா காத்தோட்டமா இருக்கு."

"மேடம், இன்னிக்கு நிலையத்தோட ஆண்டு விழா! இதோட வரலாற்றையே நேரலையில சொல்லப் போறேன்."

"ரொம்ப சந்தோஷம். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடி மறுபடி வர்றேன். அதுக்குள்ள ஒரே ஒரு நேயரைக் காட்டுங்க. உசுரோட."

முதல்வர் போய்விட்டார். அலைவரிசை சார் நாற்காலியில் உட்கார்ந்தார். அது சலூன் நாற்காலி. காலால் மிதித்தால் உயரும், விட்டால் இறங்கும். மகிழ்ச்சியான செய்திக்கு உயர்த்திக்கொள்வார், துக்கச் செய்திக்கு இறக்கிக்கொள்வார். வானொலியில் அது யாருக்கும் தெரியாது என்பதைப் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை. இப்போது நாற்காலி தரையோடு தரையாக இருந்தது.

"அன்பார்ந்த நேயர்களே!" என்று குரல் தழுதழுக்க ஆரம்பித்தார். "உங்கள் நிலையத்துக்கு ஓர் இக்கட்டு வந்திருக்கிறது. இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு உடனே நிலையத்துக்கு வாருங்கள். வர முடியாதவர்கள் தொலைபேசியிலாவது கூப்பிடுங்கள்."

சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தார். தொலைபேசியைப் பார்த்தார். மறுபடி வாசலைப் பார்த்தார். அறிவிப்பை இரண்டாம் முறை சொன்னார். மூன்றாம் முறை கொஞ்சம் மெதுவாகச் சொன்னார், ஒருவேளை வேகமாகச் சொன்னதுதான் புரியவில்லையோ என்று. வராந்தாவில் ஒரு பூனை வந்து எட்டிப் பார்த்தது. அதுவும் உள்ளே வரவில்லை.

தொலைபேசி மணி அடித்தது! பாய்ந்து எடுத்தார்.

"வணக்கம் நேயரே!"

"நேயரா? நான்தான்ங்க. வரும்போது குளியலறைக்கு ஒரு பல்பு வாங்கிட்டு வாங்க." மனைவி.

"நீ... நீ ரேடியோ கேட்டுட்டுத்தானே போன் பண்றே?"

"வீட்ல நீங்க பேசறது பத்தாதா எனக்கு?"

அலைவரிசை சார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். பிறகு மனைவி, "சரி சரி, அழாதீங்க. நான் இப்போ தையல் கடைக்குத்தான் கிளம்பறேன். ரேடியோவை மூடப்போறாங்கன்னு அங்கே ஒரு வார்த்தை போட்டு வைக்கறேன். தையல்காரர்கிட்ட சொன்னா தெருவுக்கே சொன்ன மாதிரி" என்றார்.

சொன்ன வார்த்தை வீண் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் வராந்தாவில் தடதடவென்று சத்தம் கேட்டது. தையல்காரர், கழுத்தில் அளவு நாடா பறக்க, மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சார்! ரேடியோவை மூடப்போறாங்களாமே! நிஜமா? மூடவே கூடாது சார்! மூடினா நாங்க என்ன ஆவோம்?"

அலைவரிசை சாரின் நாற்காலி தானாகவே உயர்ந்தது போலிருந்தது. தையல்காரரை இழுத்து மைக் முன்னால் நிறுத்தினார்.

"நேயர்களே! இதோ, இந்த நிலையத்தின் முதல் புரவலர்! இந்த ஜன்னல் திரையைத் தைத்துக் கொடுத்த நல்லவர். ஐயா, நம்ம நிகழ்ச்சிகள்ல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?"

தையல்காரர் நாடாவை ஒரு முறை உருவிப் பார்த்தார். "எதைன்னு சார் சொல்றது? எல்லாமே ஒரே மாதிரிதானே இருக்கு."

"தரத்தைச் சொல்றார்" என்று அலைவரிசை சார் நேயர்களுக்கு விளக்கினார்.

"யாரு முதல் புரவலர்?" வாசலில் பேக்கரி அம்மா, கையெல்லாம் மாவோடு நின்றிருந்தார். "முதல்ல முட்டை அட்டை குடுத்தது நான். அதுக்கப்புறம்தான் இவர் திரையே தச்சார்."

"இல்லம்மா, திரைதான் முதல்ல."

"முட்டைதான் முதல்ல!"

"கோழி முதல்லயா முட்டை முதல்லயான்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் அலைவரிசை சார், "திரை முதல்லயா முட்டை முதல்லயான்னு இன்னிக்குத்தான் கேக்கறேன். சண்டை வேண்டாம். நேயர்களே, ஒரு சிறு திருத்தம். இருவருமே முதல் புரவலர்கள்."

"அப்ப நான் மூணாவதா?"

இது சலூன்காரர். பேக்கரி அம்மா ஓடுவதைப் பார்த்து, என்னவோ ஏதோ என்று அவரும் ஓடி வந்திருந்தார். கத்திரிக்கோல் கையிலேயே இருந்தது. "என் கடையிலயே உசத்தியான நாற்காலியைத் தூக்கிக் குடுத்தேன். அதுல உக்காந்துக்கிட்டே என்னை மூணாவதாச் சொல்றீங்க! எந்திரிங்க சார்."

"இருங்க, இருங்க..."

சலூன்காரர் இருக்கவில்லை. நாற்காலியை அலைவரிசை சாரோடு சேர்த்து வாசல் வரை தள்ளிக்கொண்டு போய்விட்டார். மைக் கம்பி எட்டும் வரை அலைவரிசை சார் பேசிக்கொண்டே போனார். கம்பி இழுத்துப் பிடித்ததும்தான் ஒரு யோசனை வந்தது. இதுவரை வந்த யோசனைகளை விட மோசமான யோசனை அது.

"முன்னாடி குடுத்ததை யாரு பாத்தா? இன்னிக்கு யார் குடுக்கறாங்களோ அவங்கதான் இன்னிலேர்ந்து முதல் புரவலர்!"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறு நொடி வராந்தா காலி.

திரும்பி வந்தபோது தையல்காரர் புதுத் திரையையும், அது கசங்கியிருந்ததால் இஸ்திரிப் பெட்டியையும் கொண்டுவந்தார். பேக்கரி அம்மா இடுப்பளவு உயரத்தில் ஒரு தேநீர் பாய்லரை இரண்டு ஆள் வைத்துத் தூக்கி வந்தார். சலூன்காரர் கொண்டுவந்தது ஆளுயரக் காற்றாடி. அவர்களுக்குப் பின்னால், யாரிடமும் எதுவும் பேசாமல், கல்லூரிக்கு எதிர்வீட்டில் இருக்கும் நர்ஸம்மா வந்து சுவரோரமாக நின்றார். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டு வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது பார்த்ததைத் தவிர அவரோடு அலைவரிசை சாருக்குப் பழக்கமில்லை.

"நேயர்களே!" அலைவரிசை சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த அன்பை நான் என்னவென்று சொல்வேன்..."

எதுவும் சொல்வதற்குள் தையல்காரர் இஸ்திரிப் பெட்டியைச் செருகினார். பேக்கரி அம்மா பாய்லரைச் செருகினார். நான் மட்டும் இளைத்தவனா என்று சலூன்காரர் காற்றாடியைச் செருகினார்.

டப்!

பாய்லர் பெருமூச்சு விட்டு அடங்கியது. காற்றாடி ஒரே ஒரு சுற்று சுற்றி நின்றது. மூலையில் டிரான்ஸ்மிட்டரின் சிவப்பு விளக்கு அணைந்தது. எங்கோ கருகும் நாற்றம்.

"நீதான்!" என்றார் தையல்காரர்.

"உன் பெட்டிதான்!" என்றார் சலூன்காரர்.

"ரெண்டு பேரும்தான்" என்றார் பேக்கரி அம்மா, பாய்லருக்கு முன்னால் புடவையை விரித்து மறைத்தபடி.

அலைவரிசை சார் செத்துப்போன மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முதல்வர் எந்த நேரமும் வந்துவிடுவார். நேயரைக் காட்டலாம், மூன்று நான்கு பேர் உசுரோடு இருக்கிறார்கள். ஆனால் வானொலி? அதுதான் உசுரோடு இல்லையே. அப்போதுதான், வரலாற்றுக்குத் தகவல் தேடி பழைய சாமான் அறையைக் குடைந்தபோது கண்ணில் பட்ட ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. ஓடிப் போனார். திரும்பி வரும்போது, ஒட்டடையோடு ஒரு பெரிய குழாய் ஸ்பீக்கரை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"யாரும் கவலைப்படாதீங்க! ரேடியோ நின்னா என்ன? இதை மொட்டை மாடில ஏத்திக் கட்டுவோம். பேட்டரி போட்டா போதும், கரண்டே வேண்டாம். நாலு தெருவுக்கும் கணீர்னு கேக்கும். இனிமே யாரும் ரேடியோ பெட்டி வாங்கக்கூட வேண்டாம்!"

தையல்காரரின் முகம் வெளுத்தது. சலூன்காரர் மாடிப்படி வழியை மறித்து நின்றுகொண்டார். பேக்கரி அம்மா, "சார், அதைக் கீழே வைங்க" என்று பால் பாத்திரத்தைக் குழந்தை கையிலிருந்து வாங்குவது போலப் பக்குவமாகச் சொன்னார்.

"ஏன்? நல்ல யோசனைதானே?"

"ரொம்ப நல்ல யோசனை சார். கீழே வைங்க."

வைத்தார். வைத்த மறு நொடி நர்ஸம்மா வந்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு நடந்த வேகத்தை அலைவரிசை சார் வாழ்நாளில் பார்த்ததில்லை. இத்தனை நேரம் கீரியும் பாம்புமாக இருந்தவர்கள் ஒரு தாய் பிள்ளைகளாகிவிட்டார்கள். சலூன்காரர் பறந்து போய், தன் கடையில் பாதி சவரத்தில் விட்டுவிட்டு வந்திருந்த எலெக்ட்ரீஷியனை, கழுத்துத் துணியோடு அப்படியே இழுத்து வந்தார். ஒரு கன்னம் மழமழ, மறு கன்னம் சோப்பு நுரை. தையல்காரர் டார்ச் பிடித்தார். பேக்கரி அம்மா ஏணியைப் பிடித்தார்.

"மத்தியானத்துக்கு மேல வந்து பாக்கறேனே. நுரை காயுது" என்று கெஞ்சினார் எலெக்ட்ரீஷியன்.

"ரேடியோ ஓடாம உனக்கு மறு கன்னம் கிடையாது" என்றார் சலூன்காரர்.

சரியாக அந்த நேரத்தில்தான் முதல்வர் வந்தார். ஏணியின் மேல் அரைச் சவரத்தில் ஒருவர், கீழே மாவுக் கையோடு ஒருவர், டார்ச்சோடு ஒருவர், கத்திரிக்கோலோடு ஒருவர், ஸ்பீக்கரின் மேல் ஒருவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். மாறவில்லை.

"என்ன இதெல்லாம்?"

தையல்காரர் டார்ச்சை அப்படியே அவர் முகத்தில் அடித்துவிட்டு, பதறிக் கீழே இறக்கினார். "மேடம், நீங்கதான் மனசு வைக்கணும். இந்த ரேடியோ இல்லேன்னா எங்க கதி என்ன ஆகும்னு எங்களுக்குத்தான் தெரியும். கையெடுத்துக் கும்பிடறேன். இது ரேடியோவாவே இருக்கட்டும்."

"என்ன வேணாலும் செய்யறோம் மேடம்" என்றார் பேக்கரி அம்மா. "தினம் சாருக்கு டீயும் பன்னும் அனுப்பறேன். ரேடியோ மட்டும் நிக்கக் கூடாது."

அந்தச் சமயம் பார்த்து சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். ஸ்பீக்கர் மேல் உட்கார்ந்திருந்த நர்ஸம்மாவும் தட்டினார், எழுந்திருக்காமலே. எலெக்ட்ரீஷியன் ஏணியிலிருந்து இறங்கி, சலூன்காரர் பக்கம் நுரைக் கன்னத்தைக் காட்டினார்.

முதல்வர் அலைவரிசை சாரின் பக்கம் திரும்பினார். "நான் எத்தனையோ காலேஜ்ல வேலை பாத்திருக்கேன் சார். ஒரு ரேடியோவுக்காக ஜனங்க இப்படித் தவிச்சு நான் பாத்ததில்லை. விடைத்தாளை வேற எங்கயாவது வச்சுக்கறேன். இந்த ரூம் உங்களுக்குத்தான். என்னை மன்னிச்சிடுங்க."

சலூன்காரர் நாற்காலியைத் திரும்ப உருட்டி வந்து போட்டார். அலைவரிசை சார் அதில் ஏறி, எவ்வளவு உயருமோ அவ்வளவு உயர்த்திக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"நேயர்களே! நாம் வென்றுவிட்டோம்!"

"எல்லாம் சரி" என்றார் முதல்வர், டிரான்ஸ்மிட்டரைத் தட்டிப் பார்த்தபடி. "இவ்வளவு பெரிய மெஷினை முதன் முதல்ல குடுத்தது யாரு? அவங்கதானே உண்மையான முதல் நேயர்?"

தையல்காரர் சலூன்காரரைப் பார்த்தார். சலூன்காரர் பேக்கரி அம்மாவைப் பார்த்தார். மூன்று பேரும் சேர்ந்து நர்ஸம்மாவைப் பார்த்தார்கள்.

அலைவரிசை சார் உருகிப் போனார். எதிர்வீட்டிலேயே இருந்திருக்கிறார்! நாற்காலியிலிருந்து குதித்து இறங்கி, மைக்கை எடுத்துக்கொண்டு போய் நர்ஸம்மாவின் முகத்துக்கு நேராகப் பயபக்தியோடு நீட்டினார்.

"அம்மா! இந்த வரலாற்றுல இது ஒண்ணுதான் எனக்குத் தெரியாம இருந்தது. எந்த நிகழ்ச்சியைக் கேக்கறதுக்காக இவ்வளவு பெரிய மனசோட இதைக் குடுத்தீங்க? நேயர்களுக்கு உங்க வாயாலயே சொல்லுங்க."

நர்ஸம்மா மைக்கை ஒரு முறையும், தான் உட்கார்ந்திருந்த குழாய் ஸ்பீக்கரை ஒரு முறையும் பார்த்தார்.

"நான் எதையும் கேட்டதில்லை சார். எனக்கு அப்போ நைட் டியூட்டி, பகல்லதான் தூக்கம். உங்க காலேஜ்ல இந்தக் குழாயை மாடியில கட்டிக் காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் பேசிட்டிருந்தாங்க. ரேடியோன்னா அணைச்சு வச்சுக்கலாமேன்னு தெருவே சேர்ந்து அந்த மெஷினை வாங்கிக் குடுத்தோம்."