பின்னறை சர்வருக்குப் பேச்சு வந்த விவரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார், யாரையும் எழுதச் சொல்லாமல், தன் கையாலேயே எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் மாமியாரும் சுகம். பின்னறையில் நீங்கள் வைத்துப் போன சர்வர் கம்ப்யூட்டரும் சுகம். அங்கு என் மகளும், இன்னும் முகம் காட்டாத பேரப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். மெதுவாகத்தான் எழுதுகிறேன்; நீங்களும் மெதுவாகப் படியுங்கள்.

இந்த சர்வர் படுத்துக்கொள்ளும்போதெல்லாம், அதை நம்பி பில் போடுகிற மருந்துக் கடைக்காரர்கள் உங்களை விரட்ட, நீங்கள் ரயிலேறி வந்து அதை எழுப்பிவிட்டு, சாப்பிடக்கூட உட்காராமல் திரும்புவீர்கள். இப்போது மகளுக்கு மாதம் நிறைந்துவிட்டது. வலி எடுக்கும் நேரத்தில் நீங்கள் ரயிலில் இருக்கக் கூடாது. அதற்காகத்தானே, வீட்டு நெட் செத்தாலும் தன் சிம் கார்டு வழியாக உங்களை சர்வரோடு பேசவைக்கிற அந்தச் சின்னப் பெட்டியை அனுப்பி, "மாமா, இதை மட்டும் மாட்டிட்டீங்கன்னா இங்கிருந்தே எழுப்பிடுவேன்" என்றீர்கள்.

மாட்டினேன். பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் டீயைக் குடித்துவிட்டு, "இது கரண்டு வேலை இல்ல பெரியவரே, ஆளை விடுங்க" என்று போய்விட்டார். நானே தரையில் படுத்து, சர்வரின் முதுகில் கேபிளைச் செருகி, மறுமுனையைப் பெட்டியில் செருகி, பழைய லேப்டாப்பையும் அதோடு சேர்த்துத் திறந்தால், திரை முழுக்கக் கேள்விக்குறி, கட்டம், பாதி நிலா, கொக்கி. ஒரு எழுத்துகூடத் தெரிந்த எழுத்தாக இல்லை. இந்த வயதில் எழுத்துப் படிக்க ஆரம்பித்து, தமிழை முடித்து இங்கிலீஷுக்கும் வந்து, பஸ் போர்டெல்லாம் படித்துக்கொண்டிருந்தவன், படித்ததெல்லாம் ஒரே நாளில் போய்விட்டதே என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். உங்கள் மாமியார் மாத்திரை டப்பாவை நீட்டினாள்.

"ஏங்க, இதைப் படிங்க."

"குளிர்ந்த இடத்தில் வைக்கவும்."

"உங்களுக்கு ஒண்ணும் மறக்கல. அதுக்குத்தான் எழுதத் தெரியல. மாப்பிள்ளைக்குப் போனைப் போடுங்க."

நீங்கள்தான் போனில் சிரித்துக்கொண்டே, "மாமா, அது அனுப்புற வேகமும் லேப்டாப் வாங்குற வேகமும் ஒண்ணா இருக்கணும். அவ்வளவுதான்" என்றீர்கள். இது எனக்கு உடனே பிடிபட்டது. நான் எழுத்துக் கூட்டும்போது உங்கள் மாமியார் அவசரப்பட்டால் வீட்டிலும் இதே கதிதான். வேகத்துக்கு நீங்கள் சொன்ன எண்ணை லேப்டாப்பில் போட்டேன். கொக்கியெல்லாம் ஓடிப்போய் எழுத்துகள் பள்ளிப் பிள்ளைகள் போல வரிசையில் நின்றன. அப்புறம், நான் எதையும் தொடாமலே, திரையில் எழுத்துகள் விழுந்தன. எம், ஏ, எம், ஏ. கூட்டிப் பார்த்தேன். மாமா. அது நான்தான். எனக்கென்று ஒருவர் எழுதி நான் படித்த முதல் எழுத்து அது, மாப்பிள்ளை.

பிறகு நீங்கள் அங்கிருந்தே சர்வரைத் தூங்க வைத்து எழுப்பிக் காட்டினீர்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். இனி எது படுத்தாலும் நீங்கள் என் மகள் பக்கத்திலேயே இருக்கலாம். ஒரு நாள்கூட நகர வேண்டாம்.

தாயும் பிள்ளையும் நலமாகப் பிரிய, உங்கள் தொழில் தழைக்க, நெட் நிற்காமல் ஓட, எங்கள் இருவரின் ஆசி.

இப்படிக்கு,
கைநாட்டை விட்டுவிட்ட மாமனார்

பி.கு.: உங்கள் மாமியாருக்கு மனம் கேட்கவில்லை. மகளுக்கு ஒத்தாசையாக இருக்க இன்று மாலை வண்டிக்கே கிளம்புகிறோம். கடிதத்தை நானே உங்கள் கையில் தருவேன். பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகும்வரை அங்கேதான் இருப்போம். வீட்டை நினைத்துக் கவலைப்படாதீர்கள். ஆளில்லாத வீட்டில் கரண்டு எதற்கு என்று, மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் இந்த வரியை எழுதுகிறேன்.