கூடைக்கு ஒரு கோழி

அன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், மனைவி, மகள், மாமியார். கொல்லையில் இருந்தவை: கோழி ஏழு, சேவல் ஒன்று. பகல் சாப்பாட்டுக்கு மச்சான் வருவதாக இருந்தது. அதனால் ஏழில் ஒன்று குறைவதாகவும் இருந்தது.

எதைக் குறைப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கிழவி. மற்ற ஆறையும் அடைகாத்து வளர்த்தது அதுதான். ஆனால் முட்டையிடுவதை மறந்து வெகுகாலம் ஆகிறது. தீனிக்கு மட்டும் முதல் ஆளாக வந்து நிற்கும். என் மனைவியோ அது பின்னால் வராமல் அடுப்படிக்குள்கூடப் போக மாட்டாள்.

“அது முட்டை போடலைன்னு நீங்க பாத்தீங்களா?” என்றாள்.

நான் கணக்கு தவறாத ஆள். பார்க்காமல் சொன்னால் தப்புதான். ஆகவே ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். காலையிலேயே ஏழு கோழிகளையும் ஏழு கூடைகளைக் கவிழ்த்து மூடுவது. மதியம் திறப்பது. எந்தக் கூடையில் முட்டை இல்லையோ அந்தக் கோழி சட்டிக்கு. மனைவி உடனே ஒப்புக்கொண்டாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தேன். வாசலில் யாரோ கூப்பிடுவதாக மனைவி சொன்னாள். போனேன். யாரும் இல்லை. திரும்பி வந்தால், தொட்டி வழிகிறது, மோட்டாரை நிறுத்துங்கள் என்றாள் மகள். போனேன். மோட்டார் ஓடவே இல்லை. மறுபடி உட்கார்ந்ததும் மாமியார், கண்ணாடியைக் காணோம், கொஞ்சம் தேடிக் கொடுங்கள் மாப்பிள்ளை என்றார். மாமியார் முன் நான் வாய் திறப்பவன் அல்ல. வீட்டையே புரட்டினேன். கண்ணாடி அரிசி டப்பாவுக்குள் இருந்தது. அங்கே எப்படிப் போயிற்று என்று எனக்குப் புரியவில்லை.

மதியம் எல்லோரையும் நிற்க வைத்துக் கூடைகளைத் தூக்கினேன். நான்கு கூடைகளில் தலா ஒரு முட்டை. சரி. அடுத்தது செவலை, என் செல்லம், ஒருநாளும் தவறாதவள். ஒன்றுமில்லை. கருப்பி. ஒன்றுமில்லை. கிழவி. மூன்று.

எண்ணினேன். மறுபடி எண்ணினேன். ஏழு கோழி, ஏழு முட்டை. கூட்டினால் சரி, பிரித்தால் தப்பு.

“ஒரே கோழி ஒரே நாள்ல மூணு போடுமா?”

“விட்டுப்போனதெல்லாம் சேத்துப் போட்டிருக்கும்” என்றாள் மனைவி.

மூன்றில் ஒன்றின் ஓட்டில் விரிசல் இருந்தது. ஆனால் ஒழுகவில்லை. உரித்துப் பார்த்தேன்.

“இது வெந்திருக்கே?”

“வயசானா உடம்புச் சூடு ஏறுங்க” என்றாள், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

மாமியார் வானத்தைப் பார்த்தார். நான் வாயைப் பிளந்து நிற்கும்போதே, கிழவி எட்டி என் கையிலிருந்த முட்டையில் பாதியைக் கொத்திக்கொண்டு ஓடியது.

“சரி, நீங்க போட்ட சட்டப்படி செவலையா, கருப்பியா? எதைப் பிடிக்கட்டும்?”

செவலை தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது.

“ரெண்டும் வேண்டாம்.”

“அப்ப கிழவி?”

“மூணு போட்டதை எப்படி அறுக்கிறது?”

“அப்ப எங்க அண்ணனுக்கு என்னத்தை வைக்கிறது?”

“முட்டைய அவிச்சு வை” என்று சொன்னது என் வாய்தான்.

மச்சான் வந்தார். சாப்பிட உட்கார்ந்ததும், மூன்று முட்டைக் கோழியின் பெருமையை நானே எடுத்துச் சொன்னேன். அதிலும் ஒன்று வெந்தே வந்ததைச் சொன்னபோது அவருக்குப் புரையேறியது. மகள் மென்று விழுங்கினாள்.

“நான் ஒண்ணுதான் மாமா வச்சேன். செவலையோடது.”

மாமியார் தலை நிமிரவில்லை. “நானும் ஒண்ணுதான். கண்ணாடி இல்லாம அடுப்படியில கைக்குத் தட்டுப்பட்டதை எடுத்தேன்.”

கருப்பியுடையது யார் வேலை என்று மனைவியைப் பார்த்தேன். அவள் பரிமாறுவதில் மும்முரமாக இருந்தாள். அண்ணனுக்கு மூன்று. அம்மாவுக்கு ஒன்று. மகளுக்கு ஒன்று. தனக்கு ஒன்று. கொல்லையில் கோழிகள் ஏழும் அப்படியே. என் தட்டுக்கு மீதி, கிழவி கொத்தியது போக, அரை முட்டை.