பேனாவைத் தூக்கும் வளைவுகள்

பொகவந்தலாவையிலிருந்து ஹட்டன் வரைக்கும் உள்ள பாதையில், எதையுமே முந்தாத ஒரே வாகனம் பைய அண்ணனின் ஆட்டோதான். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது தெரிந்திருந்ததா என்பது சந்தேகம். எதற்கும் "பைய போவோம்" என்பார், அதுவே பெயராகிவிட்டது.

தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் நடந்தே எங்களைத் தாண்டுவார்கள். தாண்டியதோடு விடவும் மாட்டார்கள்.

"அண்ணே, வண்டிய கூடையில போட்டுக் கொண்டாந்து விடவா?"

"ஒங்க கூடையில பிரேக் இருக்கா?" என்பார், வேகத்தைக் கூட்டாமலே.

பின் இருக்கையில் நான் கொதித்துக்கொண்டிருப்பேன். ஹட்டனில் எனக்குப் பள்ளிக்கூடம், மகள் தர்ஷிக்கு அலுவலகம்.

"அண்ணே, மணி அடிச்சிருவாங்க!"

"ரோடு எங்கயும் ஓடிப் போயிறாதுங்க டீச்சர்."

தர்ஷி மட்டும் ஒருநாளும் அவசரப்படுத்தியதில்லை. எம்.பி.ஏ. நுழைவுப் பரீட்சைக்கு அவள் போட்ட நேர அட்டவணையே அந்த ஆட்டோவை நம்பித்தான் இருந்தது. வேலை முடிந்து வீடு வந்தால் கண் சொக்கிவிடும். படிக்கக் கிடைத்தது இந்தப் பயணம்தான். கோயில் வரை கணக்கு, தொழிற்சாலை வரை ஆங்கிலம், மிச்சத் தூரம் நுண்ணறிவுக் கேள்விகள். வேறு ஆட்டோ என்றால் பாதிப் பாடம்கூடத் தேறாது.

இது தெரிந்ததும் அண்ணன் இன்னும் பைய போனார். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால், "பாப்பா, வளைவு வருது, பேனாவ தூக்கிக்க" என்பார். கோயில் வந்தும் கணக்கு முடியாவிட்டால், "இஞ்சின் கொஞ்சம் ஆறட்டும்" என்று ஓரம் கட்டுவார். ஒருமுறை அவள், மணிக்கு நூற்றிருபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் ரயிலைப் பற்றிய கணக்கை வாய்விட்டுப் படித்தாள். வண்டியையே நிறுத்திவிட்டார்.

"அவனுக்கு யாரு பாப்பா லைசன் குடுத்தது?"

பரீட்சையன்று காலை விடாத மழை. ஒரு வளைவுக்கு முன்னால் ஆட்டோ நின்றது. மேலே மலைச்சரிவிலிருந்து சின்னச் சின்னக் கற்கள் ரோட்டில் விழுந்துகொண்டிருந்தன.

"எறங்கி நில்லுங்க. நான் போயி பாத்துட்டு வாரேன்."

"அண்ணே, பரீட்சைக்கு நேரமாகுது!"

"பைய போவோம் டீச்சர்."

குடையோடு வளைவு வரை நடந்தார். மேலே பார்த்தார். உடனே எங்கள் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் வீசி, "ஓடுங்க! ஓடுங்க!" என்று கத்தினார். அத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அப்போதுதான். ஓடினோம். திரும்பிப் பார்த்தபோது வளைவும் இல்லை, அவரும் இல்லை.

இரங்கல் பதாகையில் அவருடைய சொந்தப் பெயரைப் போட்டிருந்தார்கள். வேறு யாரோ இறந்ததுபோல் இருந்தது.

இன்றும் மழை பிடித்தால் என் கை தானாகத் தர்ஷியின் கையைத் தேடுகிறது. அவள் பல மாதம் புத்தகத்தைத் தொடவில்லை. பரீட்சை என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவாள். இனி எழுதவே மாட்டாளோ என்று நான் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தேன், கேட்கத் துணிவில்லை.

பாதையைத் திருத்திவிட்டார்கள். இப்போது எங்களை ஏற்றிப் போவது ஓர் இளைஞன், பறக்கிறான். போன வாரம் தர்ஷி, நான் எதுவும் கேட்காமலே, மடியில் கணக்குப் புத்தகத்தை விரித்தாள். அந்த இடம் வந்தது. "வளைவு வருது" என்று சொல்ல ஆளில்லை. அவள் பேனாவைத் தூக்கிக்கொண்டாள்.

நான் முன்னால் குனிந்தேன்.

"தம்பி, பைய போங்க. பாப்பா படிக்குது."