கரையில் நிற்பவர் வாய் திறக்கக் கூடாது

இந்த வருடப் படகுப் போட்டியில் தன்னந்தனியாகத் துடுப்புப் போடுவது என்று தராசுக்காரர் முடிவு செய்துவிட்டார். குளியலறைக் கதவைத் தாழிட்டு, குழாயையும் திறந்துவிட்டுக்கொண்டுதான் அந்த முடிவை எடுத்தார். அவர் வீட்டில் மனதுக்குள் யோசிப்பதுகூட வெளியே கேட்டுவிடும்.

கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் அவருக்கு வேலை. அதனால்தான் தெரு முழுக்க அவரைத் தராசுக்காரர் என்றது. ஊரில் உள்ள எடைக்கல் எல்லாம் அவர் பேச்சைக் கேட்கும். வீட்டில் ஒரு கரண்டிகூடக் கேட்காது. மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித்தருபவர், எல்லாருக்கும் டீச்சரம்மா. பயிற்சிக் காரில் டீச்சரம்மாவின் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அந்தப் பழக்கம் வீட்டிலும் போகவில்லை. தராசுக்காரர் எதையாவது நீட்டி முழக்க ஆரம்பித்தால், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் டீச்சரம்மாவின் வலது கால் தரையை ஓங்கி அழுத்தும். அவர் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவார்.

ஊர்ப் படகுக் கழகம் வருடா வருடம் நடத்துவது நெடுந்தூரத் துடுப்புப் போட்டி. பழைய அணையில் கிளம்பி, பொழுது சாய்வதற்குள் ரயில் பாலத்தைத் தொட வேண்டும். ஒற்றையர், இரட்டையர், கணவனும் மனைவியும் சேர்ந்து போகும் கலப்பு இரட்டையர், காலி டிரம்மைக் கட்டிக்கொண்டு மிதந்து வந்தாலும் சேர்த்துக்கொள்ளும் பொதுப் பிரிவு என்று பல பிரிவுகள். தராசுக்காரர் வீட்டுப் படகு எப்போதும் கலப்பு இரட்டையர். விதிப்படி பின் சீட்டில் இருப்பவரே படகுக்குத் தலைவர். சுக்கானைத் திருப்பும் மிதிகட்டையும் பின் சீட்டில்தான். அங்கே உட்காருவது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முன் சீட்டில் இருப்பவருக்குத் தெரிவது தண்ணீர் மட்டும். கேட்பது பின்னால் இருந்து வரும் குரல் மட்டும்.

"இடது! இடதுங்கறேன்! உங்க இடது இல்லங்க, எல்லாருக்கும் எது இடதோ அந்த இடது!"

கரையில் துணி துவைப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். சிலர் சோப்பை வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். தோள்பட்டை கழன்று போகிற மாதிரி துழாவி, ரயில் பாலத்தைத் தொட்டால், ஒலிபெருக்கி சொல்லும்: "டீச்சரம்மா வந்துவிட்டார்! கூடவே அவர் கணவரும்!" இத்தனை வருடம் துழாவி அவர் சம்பாதித்தது அந்தக் 'கூடவே'தான். அது அவருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஒரே ஒரு தடவை, பின்னால் குரல் இல்லாமல், தானே போய் அந்தப் பாலத்தைத் தொட வேண்டும். தன்னை மட்டும் ஒலிபெருக்கி சொல்ல வேண்டும். அதன்பிறகு ஆயுள் முழுக்க எந்த நாற்காலியில் உட்காரச் சொன்னாலும் உட்காரத் தயார்.

வழியும் அவர் கையிலேயே இருந்தது. கழகத்தின் விதிக் குழுவுக்கு அவர்தான் செயலாளர். டேப்பைப் பிடித்து அளந்து, ஒரு விரற்கடை நீளம் கூடினாலும் படகை அடுத்த பிரிவுக்குத் தள்ளிவிடுவதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். லைஃப் ஜாக்கெட்டில் விசில் தொங்கவில்லை என்று ஒரு பல் டாக்டரைக் கரையிலேயே உட்கார வைத்தவர். இரட்டைப் படகில் ஒரு சீட்டைக் கழற்றி, அந்த ஓட்டையைப் பலகையால் மூடிவிட்டால் அது ஒற்றையர் படகுதான் என்று குழுவில் ஒரு முடிவை நைசாக வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து பின் சீட்டைக் கழற்றினார். பலகையை வைத்து ஆணி அடித்தார். சுக்கானை நேராக வைத்துக் கயிற்றால் கட்டினார்.

சுத்தியல் சத்தம் கேட்டு டீச்சரம்மா வந்து நின்றார்.

"என்னங்க, என் சீட்டைக் காணோம்?"

"இந்த வருஷம் கலப்பு இரட்டையர் கிடையாதும்மா. ஆள் சேரல."

"ஒரு ஜோடி கூடவா?"

"எல்லார் வீட்லயும் சண்டை போல."

"நம்ம வீட்ல சண்டை இல்லையே."

"அதான் நான் மட்டும் போறேன். கழகத்துக்கு ஒரு மரியாதைக்கு."

டீச்சரம்மா பலகையைத் தட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"சரி போங்க. நான் கரைத்துணையா வரேன்."

தராசுக்காரர் சுத்தியலைக் காலில் போட்டுக்கொண்டார். ஒற்றையர் பிரிவில் அப்படி ஒரு பழைய விதி இருப்பதை அவரே மறந்திருந்தார். தனியாகப் போகிறவருக்குக் கரையில் ஒரு துணை கட்டாயம் வேண்டும். அந்தத் துணை காரிலோ சைக்கிளிலோ போய், வழியில் உள்ள நிறுத்தங்களில் எல்லாம் காத்திருந்து தண்ணீர் தர வேண்டும். துணை வராத படகை மேலே விடமாட்டார்கள். பின் சீட்டைக் கழற்றிவிடலாம். கரையை எப்படிக் கழற்றுவது?

இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் விதிக் குழுவைக் கூட்டினார். விளையாட்டு தர்மம், சமநீதி என்று பெரிய பெரிய வார்த்தைகளாகப் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தார். கரைத்துணை தண்ணீர் தரலாம். அதற்குமேல் வாய் திறக்கக் கூடாது. சொல்லாலோ கையாலோ கண்ணாலோ வழிகாட்டினால் படகு நீக்கப்படும். படகோட்டியும் அடுத்த வருடம் எந்தப் பிரிவிலும் சேர முடியாது.

குழுத் தலைவர் மருந்துக்கடைக்காரர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கண்ணாலயுமா?"

"எங்க வீட்டம்மா கண்ணை நீங்க பார்த்ததில்ல சார்."

"தண்டனை ஓவரா இருக்கே. துணை பண்ற தப்புக்கு ஓட்டறவருக்கு ஏன்?"

"இல்லைன்னா பயம் இருக்காது சார்."

குழுவில் எல்லாரும் கல்யாணமானவர்கள். யாரும் அதற்கு மேல் விளக்கம் கேட்கவில்லை. ஒரே குரலில் நிறைவேற்றிவிட்டு, மனசுக்குள் ஆளாளுக்கு ஒரு கும்பிடு போட்டுக்கொண்டு கலைந்தார்கள்.

புது விதியை டீச்சரம்மாவிடம் சொல்லும்போது தராசுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். டீச்சரம்மா துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டார்.

"யாரு போட்டது இதை?"

"குழு."

"குழுவுக்கு உங்க குரல் மாதிரியே இருக்கு."

"பொது விதிம்மா. எல்லாருக்கும்தான்."

"நான் ஒண்ணும் சொல்லலையே. ரொம்ப நல்ல விதி. எங்கயும் ஓட்டையே இல்ல."

அவ்வளவுதான். கால்கூடத் தரையை அழுத்தவில்லை. எதிர்த்துப் பேசியிருந்தால் அது தராசுக்காரருக்குப் பழகிப்போன விஷயம். இந்தச் சம்மதம்தான் புதிது. அன்றே லைஃப் ஜாக்கெட், விசில், மாற்றுத் துடுப்பு, தண்ணீர் இறைக்கும் குவளை எல்லாவற்றையும் டீச்சரம்மாவே எடுத்துத் துடைத்து வைத்தார். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

போட்டியன்று ஒற்றையர் படகுகள்தான் முதலில் கிளம்பின. டீச்சரம்மாவை முன்கூட்டியே முதல் நிறுத்தத்துக்கு அனுப்பிவிட்டார் தராசுக்காரர். அணையடியில் கலப்பு இரட்டையர் ஜோடிகள் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு நிற்பது டீச்சரம்மா கண்ணில் பட வேண்டாமே.

அணையைத் தாண்டியதும் ஆறு அகலமானது. துடுப்பு தண்ணீரில் இறங்கும் சத்தம் மட்டும். அவர் இருமினார். ஏன் இருமறீங்க என்று யாரும் கேட்கவில்லை. துடுப்பை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்தார். ஏன் நிறுத்தினீங்க என்றும் யாரும் கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு இப்படி ஒரு காலைப்பொழுது தனக்கு வாய்க்கவே இல்லை என்று நினைத்தார். கண் கலங்கிவிட்டது. இரண்டு பேருக்குச் செய்த படகு ஒருவர் கைக்கு அடங்காமல் அங்குமிங்கும் முகத்தைத் திருப்பியதைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் நிறுத்தத்தில் டீச்சரம்மா படித்துறையில் நின்றார். பக்கத்தில் நடுவர், ஓய்வு பெற்ற தபால்காரர். அவருக்கு வண்டி இல்லாததால் டீச்சரம்மாவின் காரிலேயே வந்திருந்தார், முகம் வெளுத்திருந்தது. டீச்சரம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். தராசுக்காரர் வாயில் வைத்தார். அப்போதுதான் பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டது.

கலப்பு இரட்டையர் படகுகள் வந்துகொண்டிருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, புருஷன் பெண்டாட்டி, புருஷன் பெண்டாட்டி என்று ஆறே அடைந்துபோகிற மாதிரி வந்தன. மருந்துக்கடைக்காரரின் மனைவி பின் சீட்டில் இருந்து கையை ஆட்டினார்.

"என்ன டீச்சரம்மா, இந்த வருஷம் நீங்க வரலையா? உங்களுக்கு முதுகு வலின்னு சொன்னாரே!"

தராசுக்காரருக்குத் தண்ணீர் மூக்கில் ஏறியது. டீச்சரம்மா போகிற ஜோடிகளைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்தது. பக்கத்தில் நின்ற நடுவரைப் பார்த்ததும் மூடிக்கொண்டது. அந்த நிமிடம் தராசுக்காரருக்குத் தன் விதியைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கத் தோன்றியது. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விட்டார் பாருங்கள் ஓட்டம், இரண்டு வளைவு தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

வெயில் ஏறியது. தோள் வலித்தது. உள்ளங்கையில் கொப்புளம். ஜோடிகள் எல்லாம் எப்போதோ கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். முன்னாலும் பின்னாலும் ஒரு படகும் இல்லை. அந்த நேரத்தில்தான் நடைபாலமும், அதற்கு அப்பால் ஒரு திட்டும் தெரிந்தன. திட்டின் இருபுறமும் ஆறு பிரிந்து போனது.

எந்தப் பக்கம்?

தராசுக்காரர் துடுப்பை நிறுத்தினார். இத்தனை வருடமும் இந்த இடத்தைத் தாண்டியிருக்கிறார். ஆனால் திருப்பியது அவர் இல்லை. குனிந்து துழாவிக்கொண்டு, பின்னால் வரும் குரலை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்ததில், எந்தப் பக்கம் போனோம் என்று ஒருநாளும் பார்க்கவில்லை. ஒரு பக்கம் ரயில் பாலம். இன்னொரு பக்கம் செங்கல் சூளைக்காரர்கள் மண் எடுத்த குட்டை. அந்தக் குட்டைக்குள் போய்விட்டால் திரும்பி வரவே பொழுது சாய்ந்துவிடும் என்பது மட்டும் தெரியும்.

நிமிர்ந்து பார்த்தார். நடைபாலத்தின் மேல் டீச்சரம்மா. பக்கத்தில் நடுவர்.

டீச்சரம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கை அசையவில்லை. ஆனால் அந்தக் கண்கள் மெல்ல நகர்ந்து, அவருக்கு இடது பக்கமாகப் போய் நின்றன. தராசுக்காரருக்கு அது நன்றாகத் தெரிந்தது.

அவர் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. 'காலையில் ஜோடிகளைப் பார்த்துவிட்டாள். கொதித்துக்கொண்டிருப்பாள். இந்த நிலைமையில் எனக்கு நல்ல வழி காட்டுவாளா? என்னைக் குட்டையில் தள்ளத்தான் பார்க்கிறாள். எத்தனை வருடமாகத் தராசில் கள்ளம் பிடிக்கிறேன், என்னிடமா?' பாலத்தைப் பார்த்து ஒரு வெற்றிப் புன்னகை பூத்தார். படகை வலது பக்கம் திருப்பினார்.

கொஞ்ச தூரத்தில் கோரை இரு பக்கமும் நெருங்கியது. தண்ணீர் பழுப்பானது. பிறகு குழம்பானது. பிறகு படகு ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. சுற்றிலும் சேறு. எதிரே செங்கல் சூளை. துடுப்பை ஊன்றினார், துடுப்பு போய்விட்டது. மாற்றுத் துடுப்பை ஊன்றினார், அதுவும் போய்விட்டது. சூளைக்கு மேலே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. ரயில் பாலம் இந்த வருடம் இல்லை என்று அவருக்குப் புரிந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ முடியாமல் விசிலை எடுத்து ஊதினார்.

ரயில் பாலத்தில் இருந்து கழகத்தின் மோட்டார் படகு வந்தது. நடுவர் முன்னால் உட்கார்ந்திருந்தார். டீச்சரம்மா பின்னால், சுக்கான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"போட்டி முடிஞ்சுதா சார் இவருக்கு?" என்று டீச்சரம்மா நடுவரைக் கேட்டார்.

"விசில் ஊதிட்டாரு. முடிஞ்சது. இனிமே நீங்க பேசலாம்மா."

தராசுக்காரர் முந்திக்கொண்டார்.

"எதுக்குடி இடது பக்கம் பார்த்தே?"

"இடதுதான் வழி. அதான் பார்த்தேன்."

"அப்போ... நெஜமாவே வழிதான் காட்டினியா?"

"ஆமா. நான் காட்டினா நீங்க எதிர்ப்பக்கம்தான் போவீங்கன்னு தெரியாதா எனக்கு? சார், கேட்டுக்கிட்டீங்கல்ல? நான் கண்ணால வழி காட்டினேன்."

நடுவர் தொண்டையைச் செருமினார். "அப்படின்னா இது வெறும் தோல்வி இல்லம்மா. நீக்கம். அடுத்த வருஷமும் சாருக்கு எந்தப் பிரிவுலயும் இடம் இல்ல. விதி அப்படித்தான் இருக்கு."

"என்னங்க பண்றது, விதி!" என்றார் டீச்சரம்மா.

தராசுக்காரர் சேற்றுக் காலோடு மோட்டார் படகில் ஏறி, கிடைத்த முன் சீட்டில் உட்கார்ந்தார். அவருடைய படகை ஒரு கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள். செங்கல் சூளை கண்ணுக்கு மறைந்தது. கடைசியில், எல்லாக் கசப்பையும் விழுங்கிவிட்டு, அவர்தான் வாயைத் திறந்தார்.

"ஒரு வருஷம் அந்தப் படகு சும்மாதானே கிடக்கணும்."

"ஏன் சும்மா கிடக்கணும்? பலகை போட்டு நல்லாத்தான் ஒருத்தருக்கு ஆக்கி வச்சிருக்கீங்க. மிதிகட்டையை மட்டும் முன்னாடி மாத்திட்டா போதும். நான் போறேன்."

"தனியாவா?"

"பின்னே? இத்தனை வருஷமா நான் ஆத்தையா பார்த்தேன்? உங்க முதுகைத்தான் பார்த்தேன். ரசிக்கிற முதுகா அது?"

அவருக்கு அது எதிர்பார்க்காத இடத்தில் சுட்டது. அந்தக் குரலைத் தான் சகித்துக்கொண்ட கதையைத்தான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தார். இறங்கிய குரலில் கேட்டார்.

"அப்போ நான்தானே கரைத்துணை?"

"மருந்துக்கடைக்காரர் வீட்டம்மா வர்றாங்க. இப்பதான் ரயில் பாலத்துல பேசி முடிச்சேன்."

"நான் என்ன பண்றது?"

டீச்சரம்மா சுக்கானைத் திருப்பிக்கொண்டே சொன்னார்:

"தனியா இருக்கணும்னுதானே ஆசைப்பட்டீங்க? அன்னைக்குப் பூரா வீட்ல தனியா இருங்க."