கடல் பக்கம் திரும்பிய பொல்லடி

கல்முனை,
2010 ஜூலை.

அன்பும் மரியாதையும் மிக்க பளீல் மச்சான் அவர்களுக்கு ஸமட் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாரும் நலம், என் முழங்காலைத் தவிர. நீங்களும் அந்த ரியாத் வெயிலில் வாடாமல் சுகமாக இருக்க துஆச் செய்கிறோம்.

நிற்க. நேற்று போனில் நீங்கள் போட்ட சத்தத்தில் என் வலது காது இன்னும் அடைத்துக் கிடக்கிறது. "ஒரே மகள்ற கலியாணத்த ஒங்கள நம்பித் தந்தன். மாப்பிள்ள கடக்கரையில வெறுங்காலோட நிக்கிற போட்டோவ அனுப்பிரிக்கீங்க. இது கலியாணமா, சுத்துலாவா?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறக்கும் முன் உங்கள் போன் கார்ட் முடிந்துவிட்டது. ஆகவே நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன். இதில் என் பிழை ஒன்றும் இல்லை என்பதை வாசித்து முடிக்கும்போது நீங்களே ஒத்துக்கொள்வீர்கள்.

முதல் குற்றவாளி நீங்கள்தான் மச்சான். மாப்பிள்ளையைப் பூச்சோடித்த வேனில் ஏற்றிப் பள்ளியிலிருந்து நேரே வீட்டுக்குக் கொண்டுவருவோம், அலுவல் முடிந்தது என்று நான் சொன்னேனா இல்லையா? "என்ட கலியாணத்துக்கு வந்த மாதிரி பொல்லடி வரணும், அபுல் ஹஸன் அண்ணாவியார்தான் பாடணும்" என்று ஒற்றைக்காலில் நின்றது யார்? சண்டைக் காலத்தில் பொல்லைத் தட்டி ஆடிக்கொண்டு, கையில் கம்போடு கூட்டமாக ரோட்டில் இறங்க யாருக்குத் தைரியம் இருந்தது? அவர் பாடி எத்தனையோ வருஷம். கண்ணிலும் பூ விழுந்துவிட்டது. ஆனால் கூப்பிட்டதும் மனிசன் வெள்ளைச் சாரனும் தொப்பியுமாக வந்து நின்றுவிட்டார், பின்னால் ஒரு படை ஆட்களோடு.

ஹாஜறா ராத்தாவைப் பற்றிச் சொல்லாமல் மிச்சக் கதை விளங்காது. எனக்கு மூத்தவ, உங்கள் மனைவிதான், ஆனாலும் நீங்கள் தூரத்தில் இருப்பதால் எல்லாம் தெரிந்திருக்காது. சுனாமி உம்மாவையும், உங்கள் கல்யாணம் நடந்த அந்தக் கடற்கரை வீட்டையும் கொண்டுபோன நாளிலிருந்து ராத்தா மெயின் ரோட்டைத் தாண்டிக் கடல் பக்கம் ஓர் அடி வைத்ததில்லை. நாக்கைச் சுழற்றிக் குரவையும் போட்டதில்லை. உம்மாவுக்குப் பிறகு ஊரில் குரவைக்கென்று வெற்றிலை வைத்துக் கூப்பிட்டது ராத்தாவைத்தானே? கல்யாணத்துக்கு முந்திய நாள் கெஞ்சிப் பார்த்தேன். "நஸ்லியாட கலியாணம் ராத்தா, ஒரு தரம் போடுங்க." அவ பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, "குரவ உம்மாட சாமான் தம்பி. உம்மாவோட போயிட்டு. இனிக் கேக்காத" என்றா. குரவை இல்லாத வீட்டுக்குள் மாப்பிள்ளை நுழைவதா? வேறு பெண்களைக் கேட்டால், "ஹாஜறா இரிக்கக்குள்ள நாங்க போடுறயா?" என்று கையை விரித்தார்கள்.

கல்யாணத்தன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளியில் நிக்காஹ் முடிந்தது. நான் முன்கூட்டியே, சுனாமிக்குப் பிறகு நமக்கு வீடு தந்த வீட்டுத் திட்டத்துக்கு வந்து, மாப்பிள்ளைக்குக் கால் கழுவத் தண்ணீர்க் கெண்டியோடு என் மகன் றஸாக்கை வாசலில் நிறுத்தி, சஹன் தட்டுகளில் சோறு போடச் சொல்லிவிட்டேன். தூரத்தில் பொல்லுச் சத்தம் கேட்டது. வருகிறார்கள், வருகிறார்கள் என்று பார்த்தால் சத்தம் சின்னதாகிக்கொண்டே போகிறது! விஷயம் இதுதான் மச்சான். அண்ணாவியாருக்கு ஊர் தெருக்களாக இல்லை, பாட்டுகளாகத்தான் இருக்கிறது. பள்ளி வாசலுக்கு ஒரு பாட்டு, சங்கக்கடைச் சந்திக்கு ஒன்று, கடலுக்கு இறங்கும் ஒழுங்கைத் திருப்பத்துக்கு ஒன்று, பெண்வீட்டு வாசலுக்கு ஸலாம் பாட்டு. பளீலின் வீட்டுக் கல்யாணம் என்று சொன்னோம் அல்லவா? மனிசன் உங்கள் கல்யாணத்தன்று பாடிய வரிசையிலேயே பாடி, பாட்டுத் திரும்பிய இடத்தில் தானும் திரும்பி, மேற்கே வரவேண்டிய ஊர்வலத்தைக் கிழக்கே கடலுக்குக் கொண்டுபோய்விட்டார். ஆடுகிறவர்கள் அண்ணாவியாரின் வாயைப் பார்ப்பார்களா, ரோட்டைப் பார்ப்பார்களா? மாப்பிள்ளை பஸால் பொத்துவில் பிள்ளை, அவருக்கு வழி தெரியாது. அவருடைய ஆட்கள், இந்த ஊரில் முதலில் கடலைக் காட்டுவதுதான் வழக்கமாக்கும் என்று பேசாமல் பின்னால் நடந்திருக்கிறார்கள். சந்தியில் ஆமிக்காரன் இத்தனை பொல்லுகளையும் கண்டு துவக்கை நிமிர்த்திவிட்டானாம். அண்ணாவியார் பாட்டை நிறுத்தாமலே சிங்களத்தில் "மகுல் கெதர, மாத்தயா, மகுல் கெதர!" என்று கையை ஆட்டியிருக்கிறார். கல்யாண வீடு என்றதும் அவன் தடையைத் தூக்கிவிட்டுத் தாளத்துக்குத் தலையாட்டினானாம். முந்திய காலமென்றால் மாப்பிள்ளையோடு சேர்த்து எல்லாரையும் மணலில் படுக்க வைத்திருப்பார்கள்.

நான் சைக்கிளைத் தேடிக்கொண்டிருந்தபோது உள்ளே பெண்கள் கூக்குரல் போட்டார்கள். எட்டிப் பார்த்தால் ராத்தா எழும்பி நிற்கிறா. "ஒழுங்கத் திருப்பத்துப் பாட்டு படிக்கிறாங்க. எங்கட பழைய வீட்டு வளவுக்குப் போறாங்கடா தம்பி" என்று சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நடந்தா. மெயின் ரோட்டில் ஒரு கணம் நின்றா. பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. பிறகு தாண்டிவிட்டா மச்சான்! ஐந்தரை வருஷமாகத் தாண்டாத ரோட்டைத் தாண்டிவிட்டா. பின்னால் கெண்டியோடு றஸாக், அவனுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் வீட்டுத் திட்டமே.

அங்கே உங்களுக்குத் தெரியும், வீடு இல்லை. உம்மா பார்த்துப் பார்த்துப் போடுவித்த சிவப்புச் சீமெந்துத் தரை மட்டும் மணலுக்குள் கிடக்கிறது. வாசல் கேற் இருந்த சரியான இடத்தில், ஒரு சாணும் பிசகாமல் அண்ணாவியார் நின்று ஸலாம் பாட்டை முடித்துவிட்டுக் காத்துக்கொண்டிருக்கிறார். "என்ன கா, இன்னும் கதவு துறக்கல்லையா?" என்று கேட்கிறார். ராத்தா தரையில் ஏறி நின்று, "கதவு இல்ல காக்கா. வாசல் இரிக்கி. மாப்பிள்ளையக் கூட்டிட்டு வாங்க" என்றா. சொல்லிவிட்டுக் குரவை போட்டா.

அல்லாஹ்வே, நான் என்னவென்று எழுதுவேன்! அது ராத்தாவின் குரலா உம்மாவின் குரலா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சுவர் இல்லாத இடத்தில் எனக்குச் சுவர் தெரிந்தது, அடுப்படியில் வட்டிலப்பம் வேகும் வாசம் வந்தது. உங்கள் கல்யாணத்தன்று கட்டிலுக்குக் கீழே ஒளித்திருந்து உங்கள் சப்பாத்தைத் திருடிய பொடியனாக நான் அந்தத் தரையில் நின்றேன். சுனாமிக்குப் பிறகு ரோட்டுக்கு அங்காலே ஒதுங்கிப்போன பெண்கள் எல்லாரும் தத்தம் பழைய வளவுகளில் நின்று பதிலுக்குக் குரவை போட, கடல்கூட அடங்கிக் கேட்ட மாதிரி இருந்தது. ஓட்டத்தில் கெண்டித் தண்ணீர் முழுக்கச் சிந்திவிட்டதால் றஸாக் கடல் தண்ணீரை மொண்டு வந்து மாப்பிள்ளைக்குக் கால் கழுவி, வழக்கப்படி மோதிரம் வாங்கிக்கொண்டான். அப்போது எடுத்ததுதான் அந்தப் போட்டோ. ஓம், நான் அழுதேன். அதை ஏன் மறைக்க வேண்டும்?

என்றாலும் நட்டத்தையும் சொல்லவேண்டும். சஹன் சோறு ஆறிப்போனது. மாப்பிள்ளையின் ஒரு சப்பாத்து இன்னும் கிடைக்கவில்லை. பொத்துவில் சம்பந்திகளின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆகவே இனி நம் குடும்பத்தில் பொல்லடி என்ற பேச்சே கிடையாது. அந்த வளவுப் பக்கம் ஒருவரும் போகாமல் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. உங்களுக்கு ஆரோக்கியத்தையும் பறக்கத்தையும் அல்லாஹ் தருவானாக. நஸ்லியாவும் மருமகனும் ஸலாம் சொன்னார்கள்.

உங்கள் மச்சான்,
அப்துல் ஸமட்.

பி.கு.: கவரை ஒட்ட வீட்டுத் திட்டத்தில் பசை தேடினேன், ராத்தாவைக் காணவில்லை. போய்ப் பார்த்தால் விளக்குமாறும் கையுமாக அந்தச் சிவப்புத் தரையில் நிற்கிறா. மூன்று பக்கமும் கிடுகு வேலியும் கட்டியாகிவிட்டது. "இஞ்சதான் இனி இருக்கப் போறன்" என்கிறா. நான் ஏசத்தான் போனேன், வேலிக்குக் கம்பு பிடித்துவிட்டு வந்தேன். ஆகவே மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். லீவு கிடைத்து வந்தால் மெயின் ரோட்டில் இறங்கி வீட்டுத் திட்டத்துக்கு நடக்க வேண்டாம் மச்சான். கடல் பக்கம் திரும்புங்க.