ஏழு மாதமா, ஏழு பல்லா?

பாசத்துக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் மூவரும் நலம். உங்கள் அக்காவின் வலது மணிக்கட்டு மட்டும் நலமில்லை, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அங்கே உங்கள் உடம்பும் உத்தியோகமும் குறையில்லாமல் இருக்க வேண்டுகிறேன். போனில் கேட்டால், "சரி அத்தான், சரி அத்தான்" என்று பாதியிலேயே வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

போன வருஷம் எங்கள் மூக்குக்கண்ணாடிப் பட்டறையை இரண்டு மாதம் மூடினார்களே, அப்போது கையில் காசில்லாமல் மகளின் சைக்கிளை விற்றோம். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனாள். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பட்டறை திறந்து மறுபடி லென்ஸ் தேய்க்க உட்கார்ந்த அன்றே, ஆபத்துக்கென்று ஒரு பணம் ஒதுக்கியே தீருவது என்று முடிவு பண்ணினேன். எவ்வளவு ஒதுக்குவது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். நீங்கள் இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருப்பவர், மூன்று மாதச் செலவு போதும் என்றீர்கள். பட்டறைக் கணக்கர் ஆறு மாதம் என்றார். மாடி வீட்டு நர்சம்மா, "பன்னிரண்டு மாசம் வெச்சுக்குங்க, நான் பார்க்காததா?" என்று சொல்லிவிட்டு, என்ன பார்த்தார் என்று சொல்லாமலே படியேறிப் போய்விட்டார். யாரையும் பகைத்துக்கொள்வானேன் என்று மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தேன். ஏழு வந்தது.

சரி, ஏழு மாசம். ஆனா எந்த மாசத்தை ஏழால பெருக்கறது? உங்க அக்காகிட்ட நம்ம வீட்டு மாசச் செலவு எவ்வளவுன்னு கேட்டேன். "நீங்க குடுக்கறது எவ்வளவோ அவ்வளவு"ன்னா. அது பதிலா, திட்டா? இன்னிக்கு வரைக்கும் புரியலை. சரின்னு ஒரு நோட்டு வாங்கி ஒரு மாசம் பூராவும் ஒண்ணு விடாம எழுதினேன், நோட்டு வாங்கின செலவு உட்பட. அந்த மாசம் பார்த்து தண்ணி மோட்டார் எரிஞ்சுபோச்சு, என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினாங்க, கணக்கர் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் வேற. மொத்தத்தையும் ஏழால பெருக்கிப் பார்த்துட்டு உங்க அக்கா, "ஏழு மாசத்துல ஏழு பல்லுன்னா, ரெண்டு மூணு வருஷத்துல வாயில பிடுங்கவே ஒண்ணும் மிஞ்சாதே"ன்னா. பல்லை எடுத்துட்டுக் கணக்குப் போடுங்கங்கறா. பல்லை எடுத்தா மொய்யையும் எடுக்கணும், மோட்டாரையும் எடுக்கணும். எல்லாத்தையும் எடுத்துட்டா அது நம்ம வீட்டுக் கணக்கே இல்லையே, மச்சான்! ஒண்ணுமே நடக்காத மாசம்னு ஒண்ணு எங்க வீட்டுப் பக்கம் இதுவரை வந்ததே கிடையாது. அதுவும் போக, வேலை இல்லாத மாசம் பஸ் காசு மிச்சம்னு கழிச்சேன். "வீட்டுல இருந்தா நாளுக்கு ஆறு டீ குடிக்கறீங்களே"ன்னு அவ அதைத் திரும்பக் கூட்டிட்டா.

எப்படியோ பத்து மாசம் வாயைக் கட்டி வயித்தைக் கட்டி ஒண்ணரை மாசச் செலவுக்குப் பணம் சேர்த்து, தனிக் கணக்குல போட்டு வெச்சேன். போன செவ்வாய்க்கிழமை ஃபிரிட்ஜ் நின்னுபோச்சு. சமையலறை முழுக்கத் தண்ணி. வியாழக்கிழமை வரைக்கும் அது அவசரமா இல்லையான்னு நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருந்தோம்.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஃபிரிட்ஜ் இல்லாம உயிரோடதானே இருந்தோம்? இது அவசரத்துல சேராது"ன்னு நான் சொன்னேன்.

"அப்ப எதுதான் அவசரம்?"னு உங்க அக்கா கேட்டா.

"அது வரும்போது தெரியும்"னேன்.

அப்பத்தான் மகள் வாயைத் திறந்தா. "அப்பா, ரெண்டு நாளா அம்மா இடது கையாலயே டீ கலக்கறாங்க. பார்த்தீங்களா?"

நான் பார்க்கலை, மச்சான். நாள் பூரா அடுத்தவங்க கண்ணுக்கு லென்ஸ் தேய்க்கறவன், பார்க்கலை. செவ்வாய்க்கிழமை அந்தத் தண்ணியைத் துடைக்கப்போய் வழுக்கி விழுந்திருக்கா. முந்தானைக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்த கையை இழுத்துப் பார்த்தா, மணிக்கட்டு பந்து மாதிரி வீங்கியிருக்கு.

"வலிக்கலையா?"ன்னேன்.

"வலிக்குதுதான். சொன்னா அந்தப் பணத்தை உடைப்பீங்க. உடைச்சா உங்களுக்கு மறுபடியும் தூக்கம் போயிடும்."

டாக்சியைப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எக்ஸ்ரே எடுத்துட்டு எலும்புல விரிசல்னு சொல்லி மாவுக்கட்டு போட்டாங்க. பணம் கட்டற ஜன்னல்ல இருந்த அம்மா, "கட்டிடறீங்களா, இல்ல யாருக்காவது போன் பண்ணணுமா?"ன்னு கேட்டாங்க. "கட்டிடறேன்"னு சொன்னேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்குப் பத்து மாசம் ஆச்சு.

இப்ப கணக்குல பாதிதான் இருக்கு. குழப்பம் மட்டும் முழுசா இருக்கு. மாவுக்கட்டை மாசச் செலவுல சேர்க்கணுமா? சேர்த்தா ஏழு மணிக்கட்டுக்கு நான் எங்கே போவேன்? எடுத்ததை நிரப்பிட்டு ஃபிரிட்ஜைப் பார்க்கறதா, ஃபிரிட்ஜைப் பார்த்துட்டு நிரப்பறதா? விளக்கமெல்லாம் வேண்டாம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எவ்வளவுன்னு ஒரே ஒரு எண்ணை மட்டும் எழுதி அனுப்புங்க.

எடுத்த காரியமெல்லாம் கைகூடி, எந்தக் குறையும் அண்டாமல் நீங்கள் நீடூழி வாழ எங்கள் ஆசிகள். மகள் தன் மாமாவை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது உங்கள் மெசேஜ் வந்தது. "அத்தான், ஆபீஸ்ல நாப்பது பேரை நிறுத்திட்டாங்க. அதுல நானும் ஒருத்தன். ஒரு மாச வாடகைக்குப் பணம் கிடைக்குமா? அக்காவுக்குத் தெரிய வேண்டாம்." ரெண்டு தடவை படிச்சேன். மூணு மாசம்னு எனக்குச் சொன்னவர் கையில முப்பது நாளுக்கு இல்லையா? கோபம் வரணும், ஏனோ வரலை. மேலே கேட்டிருக்கற எதுக்கும் பதில் எழுத வேண்டாம். கணக்குல இருந்த மீதியை அப்படியே உங்களுக்கு அனுப்பிட்டேன். அக்காவுக்குத் தெரிய வேண்டாம்னு எழுதியிருந்தீங்க. அந்த வரி கடைசியில இருந்தது, நானோ முதல்ல இருந்தே சத்தமாப் படிச்சுட்டேன். அவ இப்ப ஒத்தைக் கையால முன்னறைக் கட்டிலுக்கு விரிப்பு மாத்திக்கிட்டிருக்கா. எப்ப வர்றீங்கன்னு கேக்கறா.