ஃபெரியிலேயே போயிருக்கலாம்

பிள்ளைகளா, உங்கள் அப்பாவுக்கு இயந்திரங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். ஆனால் இருபத்தாறு வயதில் எனக்கு எல்லாம் தெரியும் என்று நான் மனதார நம்பினேன். அந்த நம்பிக்கை என் கல்யாணத்தைக் கிட்டத்தட்டக் கடலில் தள்ளிவிட்டது. (கிட்டத்தட்டதான். முழுசா தள்ளியிருந்தா நீங்க எங்க?)

அப்போது நான் தீவில், லிட்டில் இந்தியா கடைவீதியில் ஒரு துணிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலையில் இருந்தேன். கடலுக்கு எதிர்க்கரையில், பாகான் டாலாமில் பெண் பார்த்தார்கள். எனக்குப் பிடித்துவிட்டது. பெண்ணின் அப்பா மட்டும் பிடி கொடுக்கவில்லை. துறைமுகத்தில் கெராணி, அதாவது குமாஸ்தா; எதையும் கண்ணால் பார்த்தபிறகே கையெழுத்துப் போடுகிறவர்.

"சனிக்கிழம காலையில உங்க வீட்ட வந்து பாக்கிறேன், தம்பி. மகளும் வரட்டும், இருக்கப்போறவ அவதானே. ஆனா ஒம்பது மணிக்கு ராகு காலம். அதுக்குள்ள பேசி முடிக்கணும். இல்லன்னா இந்தப் பேச்சையே விட்டுடுவோம்லா," என்றார்.

கடலைக் கடக்க ஃபெரி ஏறினால் இருபது நிமிடம். ஊரே அதில்தான் போய் வந்தது. எனக்கு அது போதவில்லை. மாப்பிள்ளை என்றால் கொஞ்சம் எடுப்பாக இருக்க வேண்டாமா? பாகான் டாலாமில் மீன் பிடிக்கும் நண்பனிடம் சிறு படகு ஒன்றை இரவல் கேட்டேன். (அந்தப் படகை எடுக்க நான் ஃபெரியில்தான் போனேன்.) பின்னால் தொங்கும் இஞ்சின். அதற்குக் குழாய் வழியாகப் பெட்ரோல் போக, காலடியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி.

நல்ல காரியம் என்பதால் புறப்படும் முன் பூசை போட்டேன். இஞ்சினுக்கு விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம். தொட்டியை மட்டும் விட்டால் அது என்ன நினைக்கும் என்று அதன் மூடிக்கும் பெரிய சந்தனப் பொட்டு. மூடியின் நடுவில் ஆணியால் குத்தியதுபோல் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. பொட்டு வைக்க அளவெடுத்துக் கொடுத்த இடம் என்றே எனக்குத் தோன்றியது.

எட்டு மணிக்குப் பெண்ணும் அவள் அப்பாவும் ஏற, தீவை நோக்கிப் புறப்பட்டோம். முதல் பத்து நிமிடம் நான் ராஜா. பிறகு இஞ்சினின் சத்தம் மெல்ல இறங்கியது. இருமியது. நின்றது.

"என்ன தம்பி?"

"குப்ப சிக்கியிருக்கும் அங்கிள். இங்க சகஜம்."

இஞ்சினைத் தூக்கி, தண்ணீருக்குள் சுழலும் விசிறியைப் பார்த்தேன். குப்பை இல்லை. இருந்தாலும் பக்கத்தில் மிதந்த பாசியை அள்ளி, உள்ளேயிருந்து எடுத்ததுபோல் காட்டினேன். கயிற்றை இழுத்தேன். ஓடியது. என் நெஞ்சு நிமிர்ந்தது. இரண்டு நிமிடத்தில் மறுபடி நின்றது.

"இப்ப?"

"பிளக்கு அங்கிள்."

பிளக்கைக் கழற்றி, புதுச் சட்டையில் துடைத்து மாட்டினேன். ஓடியது. "சொன்னேன்ல," என்று வாயெடுத்தேன். நின்றது. ஒவ்வொரு முறையும் கொஞ்ச தூரம் ஓடி, என்னைக் கெட்டிக்காரன் ஆக்கிவிட்டு நின்றதுதான் பெரிய கொடுமை.

ஃபெரி எங்களைக் கடந்து போனது. மேல்தட்டிலிருந்து ஒருவர், "அண்ணே, கயிறு போடவா?" என்று கத்தினார். அவருடைய பக்கத்தில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள்.

"எட்டு நாப்பது," என்றார் பெண்ணின் அப்பா.

"பெட்ரோல்ல தண்ணி கலந்துட்டானுங்க அங்கிள்," என்று நான் அடுத்த திருகாணியில் கை வைத்தேன். அதுவரை குடைக்குள் பேசாமல் இருந்த பெண் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அந்தத் தொட்டி ஏன் ஒட்டிப் போயிருக்கு?"

தொட்டியின் வயிறு, மூன்று நாள் பட்டினி கிடந்தவனுடையதுபோல உள்ளே போயிருந்தது.

"அது பழைய தொட்டி," என்றேன்.

"ஏறும்போது நல்லாத்தானே இருந்துச்சு." குனிந்து மூடியைப் பார்த்தாள். "யாரு வச்ச பொட்டு இது?"

"நான்தான்."

"பால் டின்ல எதுக்கு ரெண்டு ஓட்ட போடுறோம்?"

"ஒன்னுல பால் வரும்."

"இன்னொன்னு?"

நான் மறுபடி திருகாணியைத் தேடினேன். (டின் பால் ஊற்றி ஆற்றிய தே தாரிக் டீயை எத்தனை ஆயிரம் முறை குடித்த வாய் இது.)

"காத்து உள்ள போனாத்தான் பால் வெளிய வரும். இதுவும் அப்படித்தான் இருக்கணும். நீங்க காத்து போற ஓட்டையில சந்தனத்த அப்பி வச்சிருக்கீங்க."

வெயிலில் சந்தனம் சிமெண்டாக இறுகியிருந்தது. அவள் தன் கொண்டை ஊசியை உருவி ஒரே குத்துக் குத்தினாள். தொட்டி 'ஸ்ஸ்' என்று மூச்சிழுத்து, 'டொப்' என்று வயிறு நிமிர்ந்தது. கயிற்றை இழுத்தேன். இஞ்சின் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

ஆனாலும் கரையைத் தொட்டபோது மணி ஒன்பது ஐந்து.

"மன்னிச்சிடுங்க அங்கிள். ராகு காலம் வந்துருச்சு. ஃபெரில ஏத்தி விட்டுடுறேன்."

அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கரி படிந்த என் சட்டையைப் பார்த்தார்.

"எதுக்கு? எட்டு அம்பதுக்கே நான் முடிவு பண்ணிட்டேனே, நடுக்கடல்ல."

"என்ன முடிவு, அங்கிள்?"

"தம்பிய இனிமே தனியா விடக் கூடாதுன்னு."

குடை குலுங்கியது. உள்ளே உங்கள் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

உங்கள் தாத்தா கல்யாணப் பந்தலில் ஒருவர் விடாமல் இதைச் சொன்னார்: "எல்லாரும் மாப்பிள்ள பாக்கப் போவாங்க. நாங்க மாப்பிள்ளைய மீட்டுட்டு வந்தோம்." இன்றைக்கும் வீட்டில் விசிறி நின்றால் நான் திருப்புளியோடு எழுந்திருப்பேன். நீங்கள் மூன்று பேரும் தலையைக்கூடத் தூக்காமல் கேட்பீர்கள்: "அப்பா, அம்மா பாத்துட்டாங்களா?"

நான் உட்கார்ந்துவிடுவேன்.